புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் கணக்கை வைத்து அணுவை அடையாளம் காண்பது எப்படி?

17 புரோட்டான், 20 நியூட்ரான், 18 எலக்ட்ரான். இது என்ன?

வேதியியலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைக் கேட்டால் பலர் 18-ஐப் பிடித்துக்கொண்டு, 18-ஆம் தனிமமான ஆர்கான் என்பார்கள். சிலர் இது அயனியா (எலக்ட்ரான் கூடியோ குறைந்தோ மின்சுமை பெற்ற அணு), ஐசோடோப்பா (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கையால் வேறுபடும் வகை) என்று முடிவு செய்ய முடியாமல் நிற்பார்கள். இரண்டு தடுமாற்றத்துக்கும் காரணம் ஒன்றுதான். மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு தனிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. புரோட்டான் எண்ணிக்கை இது எந்தத் தனிமம் என்று சொல்லும். நியூட்ரானைச் சேர்த்தால் அந்தத் தனிமத்தின் எந்த ஐசோடோப்பு என்று தெரியும். எலக்ட்ரானை ஒப்பிட்டால் மின்சுமை தெரியும். இந்த வரிசையை மாற்றாமல் போனால் எந்தக் கணக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது.

துகள்களைப் பற்றித் தேவையான அளவு மட்டும்

புரோட்டானும் நியூட்ரானும் அணுக்கருவுக்குள் இருக்கின்றன, எலக்ட்ரான்கள் அதற்கு வெளியே. புரோட்டானின் மின்சுமை +1, எலக்ட்ரானின் மின்சுமை −1, நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது. புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே நிறை கொண்டவை. எலக்ட்ரானோ புரோட்டானைவிடச் சுமார் 1836 மடங்கு லேசானது. அதனால்தான் நிறையைக் கணக்கிடும்போது எலக்ட்ரானை யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போதைக்கு இவ்வளவு போதும். குவார்க், ஆர்பிட்டால் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: புரோட்டானை மட்டும் பாருங்கள்

மற்ற இரண்டு எண்களையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். புரோட்டான் எண்ணிக்கைக்கு அணு எண் என்று பெயர். தனிம வரிசை அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் முழு எண் அதுதான். 6 என்றால் கார்பன், 8 என்றால் ஆக்சிஜன், 26 என்றால் இரும்பு, 79 என்றால் தங்கம். இதற்கு விதிவிலக்கே கிடையாது. 79 புரோட்டான் இருந்தால் அது தங்கம். அதில் எத்தனை நியூட்ரான் இருந்தாலும், எலக்ட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தங்கம்தான்.

ஏன் புரோட்டானுக்கு மட்டும் இந்த அதிகாரம்? எரிவது, துருப்பிடிப்பது என்று எந்த வேதிவினையை எடுத்துக்கொண்டாலும் அங்கே இடம் மாறுவது எலக்ட்ரான்கள்தான். அணுக்கருவை யாரும் தொடுவதில்லை. அதை அசைக்கத் தேவைப்படும் ஆற்றல் வேதிவினையில் புழங்கும் ஆற்றலைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். எனவே புரோட்டான் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது, அடையாளமும் நிற்கிறது.

இது முதலிலிருந்தே தெரிந்த விஷயமல்ல. தொடக்கத்தில் தனிமங்களை எடை வரிசையில்தான் அடுக்கினார்கள். ஆனால் சில இடங்களில் அது இடித்தது. டெலூரியத்தின் அணு நிறை 127.60, அயோடினுக்கு 126.90. எடையைப் பார்த்தால் அயோடின் முன்னால் வர வேண்டும், குணத்தைப் பார்த்தால் டெலூரியம்தான் முன்னால். ஆர்கானுக்கும் (39.95) பொட்டாசியத்துக்கும் (39.10) அதே சிக்கல். 1913-ல் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அவற்றின் அதிர்வெண் எடையை ஒட்டி மாறவில்லை, அட்டவணையில் தனிமம் உட்கார்ந்திருக்கும் இட எண்ணை ஒட்டித்தான் சீராக மாறியது. அதுவரை வெறும் வரிசை எண்ணாக இருந்தது, கருவின் மின்சுமையைக் குறிக்கும் எண்ணாக ஆனது. மோஸ்லி 1915-ல் கலிப்போலி போரில் 27 வயதில் இறந்துபோனார்.

நம் கேள்விக்கு வருவோம். 17 புரோட்டான் என்றால் குளோரின். ஆர்கான் என்ற பேச்சே இனி வேண்டாம்.

படி 2: நியூட்ரானைக் கூட்டுங்கள்

புரோட்டான் + நியூட்ரான் = நிறை எண். 17 + 20 = 37. ஆகவே இது குளோரின்-37. தனிமத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு எழுதும் எண் எப்போதும் நிறை எண்தான். குறியீடாக எழுதும்போது தனிமக் குறியீட்டின் இடது மேல் மூலையில் நிறை எண்ணையும் இடது கீழ் மூலையில் அணு எண்ணையும் போடுவார்கள். கீழே இருப்பதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை, குறியீடே அதைச் சொல்லிவிடும்.

நியூட்ரான் எண்ணிக்கை கேட்டால் கழித்தால் போதும். கார்பன்-14-ல் நியூட்ரான் 14 − 6 = 8. யுரேனியம்-238-ல் 238 − 92 = 146.

ஐசோடோப்பு என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே புரோட்டான் எண்ணிக்கையும் வெவ்வேறு நியூட்ரான் எண்ணிக்கையும் கொண்ட அணுக்கள் ஒன்றுக்கொன்று ஐசோடோப்புகள். ஒருவரைத் தம்பி என்று சொன்னால் யாருக்குத் தம்பி என்ற கேள்வி உடனே வருகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். குளோரின்-37 என்பது குளோரின்-35-க்கு ஐசோடோப்பு, 35-உம் 37-க்கு ஐசோடோப்பு. சாதாரண அணு ஒரு பக்கம், ஐசோடோப்பு என்ற விசித்திர அணு இன்னொரு பக்கம் என்று எதுவும் இல்லை. எந்த அணுவை எடுத்தாலும் அது ஏதோ ஒரு தனிமத்தின் ஏதோ ஒரு ஐசோடோப்பாகத்தான் இருக்கும். கதிரியக்கம் இருந்தால்தான் ஐசோடோப்பு என்ற எண்ணமும் தவறு. வெள்ளீயத்துக்கு மட்டுமே நிலையான ஐசோடோப்புகள் 10 இருக்கின்றன. சோடியம், அலுமினியம், ஃபுளோரின், தங்கம் ஆகியவற்றுக்கோ நிலையானது தலா ஒன்றுதான்.

ஐசோடோப்பு என்ற கருத்தை ஃபிரெடரிக் சாடி 1913-லேயே முன்வைத்துவிட்டார். நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தது 1932-ல். இடைப்பட்ட ஏறக்குறைய இருபது வருடம், ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் வேறுபடுகின்றன என்பது தெரிந்திருந்தும் எதனால் என்பது சரியாகப் புரியாமலேயே ஓடியது.

படி 3: எலக்ட்ரானைக் கழியுங்கள்

மின்சுமை = புரோட்டான் − எலக்ட்ரான். எப்போதும் இந்த வரிசைதான். எலக்ட்ரான் போனால் கூட்டல் குறியா, வந்தால் கழித்தல் குறியா என்று மனப்பாடம் செய்யப் போனால் பரீட்சை நேரத்தில் நிச்சயம் குழம்பும். கழித்துப் பார்த்துவிட்டால் குறி தானாக வந்துவிடும்.

17 − 18 = −1. எனவே மின்சுமை 1−. விடை: குளோரின்-37 எதிர் அயனி. குளோரைடு அயனி என்பதும் இதுதான். ஆக, இது அயனியா ஐசோடோப்பா என்ற கேள்வியே பிசகு. அயனியும்தான், குளோரினின் ஓர் ஐசோடோப்பும்தான். நிறை எண் ஒரு விஷயம், மின்சுமை வேறு விஷயம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

விடை பூஜ்யம் வந்தால் நடுநிலை அணு, நேர் எண் வந்தால் நேர் அயனி, எதிர் எண் வந்தால் எதிர் அயனி. மின்சுமையைக் குறியீட்டின் வலது மேல் மூலையில் எழுத வேண்டும். எண் முதலில், குறி பிறகு: 2+, 3+, 2−. ஒன்று என்றால் வெறும் குறி போதும்.

அயனியாவது சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் பொருளின் குணமே மாறிவிடும். சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு வினைபுரியும். அதே சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்டால் தண்ணீரில் சாதுவாகக் கரைந்து கிடக்கும். ஐசோடோப்பு மாறினால் இப்படி நடப்பதில்லை. வேதிக்குணம் எலக்ட்ரான்களின் கையில் இருப்பதால், குளோரின்-35-உம் குளோரின்-37-உம் வினைகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஹைட்ரஜன் மட்டும் கொஞ்சம் வேறுபடும். அதன் ஐசோடோப்பான டியூட்டீரியத்தின் நிறை இரண்டு மடங்கு என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. டியூட்டீரியத்தால் ஆன கனநீர் 0 டிகிரியில் உறைவதில்லை, 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும்.

தலைகீழாகப் போவது

குறியீட்டைக் கொடுத்துவிட்டுத் துகள்களை எண்ணச் சொல்வதும் உண்டு. இரும்பு-56, மின்சுமை 3+ என்று வைத்துக்கொள்வோம்.

இரும்பின் அணு எண் 26, ஆகவே புரோட்டான் 26. நியூட்ரான் 56 − 26 = 30. இனி எலக்ட்ரான். 26 − எலக்ட்ரான் = 3, எனவே எலக்ட்ரான் 23. இங்கே 29 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் அதிகம். 3+ என்ற கூட்டல் குறியைப் பார்த்ததும் மூன்று எலக்ட்ரானைக் கூட்டிவிடுகிறார்கள். எலக்ட்ரானின் மின்சுமையே எதிர்தான் என்பதை நினைவில் வைத்தால் போதும், அது வெளியேறினால்தான் மிச்சமிருப்பது நேர்ப்பக்கம் சாயும்.

அட்டவணையில் இருக்கும் தசம எண்

தனிம வரிசை அட்டவணையில் அணு எண்ணோடு 35.45, 63.55 என்று தசமப் புள்ளியுடன் இன்னொரு எண் இருக்கும். புதியவர்கள் அதை நிறை எண் என்று எடுத்துக்கொள்வார்கள். அது சராசரி அணு நிறை. இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் நிறைகளை, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு கிடைக்கிறதோ அந்த விகிதத்தில் சேர்த்துப் போட்ட சராசரி. குளோரினில் ஏறத்தாழ 76 சதவீதம் குளோரின்-35, மீதி 24 சதவீதம் குளோரின்-37. அதனால் சராசரி 35-க்கும் 37-க்கும் நடுவில் 35 பக்கமாகச் சாய்ந்து 35.45-ல் நிற்கிறது. 35.45 நிறை கொண்ட குளோரின் அணு என்று தனியாக ஒன்று எங்கேயும் கிடையாது.

ஐசோடோப்பு எது என்று சொல்லாத கணக்குகளில் அந்தத் தசமத்தை முழு எண்ணாக்கி நிறை எண் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சோடியம் 22.99, அதாவது 23. நிலையான சோடியம் ஒன்றே ஒன்று என்பதால் அது சரியாக வருகிறது. மெக்னீசியம் 24.31, அதாவது 24. அதற்கு 24, 25, 26 என்று மூன்று ஐசோடோப்புகள் இருந்தாலும் 24-தான் மிக அதிகம் என்பதால் பிழைத்துக்கொள்கிறோம். தாமிரத்தில் இந்த வித்தை பல்லிளிக்கும். 63.55-ஐ முழு எண்ணாக்கினால் 64. ஆனால் இயற்கைத் தாமிரத்தில் இருப்பது 63-உம் 65-உம் மட்டும்தான், தாமிரம்-64 அதில் இல்லை. வெள்ளியும் அப்படியே. 107.87-ஐ 108 ஆக்கினால், இருப்பதோ 107-உம் 109-உம். புரோமின் 79.90-ஐ 80 ஆக்கினால், இருப்பது 79-உம் 81-உம். இந்த மூன்றிலும் முழு எண்ணாக்கிக் கிடைப்பது இயற்கையில் இல்லாத ஓர் ஐசோடோப்பு.

என்னைக் கேட்டால், நியூட்ரான் எண்ணிக்கை கேட்கும் கணக்கில் நிறை எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் முழு எண்ணாக்கித்தான் விடை எழுத முடியும், வேறு வழியில்லை. ஆனால் எதை ஊகித்துக்கொண்டோம் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

விடை சரிதானா என்று மோப்பம் பிடிப்பது

கணக்கை முடித்ததும் இரண்டு இடங்களில் ஒரு பார்வை பாருங்கள்.

ஒன்று, நியூட்ரான். லேசான தனிமங்களில் நியூட்ரானும் புரோட்டானும் ஏறக்குறைய சமமாக இருக்கும். கார்பன்-12-ல் 6-க்கு 6, ஆக்சிஜன்-16-ல் 8-க்கு 8. கனமான தனிமங்களில் நியூட்ரான் கூடிக்கொண்டே போகும். ஈயம்-208-ல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால், அவற்றைப் பிடித்துவைக்க அதிக நியூட்ரான் தேவைப்படுகிறது. நிலையான அணுக்கருக்களில் ஹைட்ரஜன்-1, ஹீலியம்-3 இரண்டில் மட்டுமே நியூட்ரான் புரோட்டானைவிடக் குறைவு. எனவே கால்சியத்தில் 12 நியூட்ரான் என்று விடை வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

இரண்டு, மின்சுமை. சோடியம், பொட்டாசியம் பெரும்பாலும் 1+, மெக்னீசியம், கால்சியம் 2+, அலுமினியம் 3+, குளோரின், புரோமின் 1−, ஆக்சிஜன் 2−. கால்சியம் 2− என்று வந்தால் கழிக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

எண்கள் ஒத்துப்போகும் இடங்கள்

எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் தொடக்கத்தில் பார்த்த ஆர்கான் தவறு. நைட்ரஜன் 3−, ஆக்சிஜன் 2−, ஃபுளோரின் 1−, நியான், சோடியம் 1+, மெக்னீசியம் 2+, அலுமினியம் 3+ என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏழிலும் எலக்ட்ரான் 10-தான். ஆனால் ஏழும் ஏழு தனிமம்.

நிறை எண் ஒன்றாக இருப்பதும் அப்படியே. ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40 மூன்றுக்கும் நிறை எண் ஒன்று, தனிமம் வேறு. இவற்றை ஐசோபார்கள் என்பார்கள். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் ஒன்றாக இருந்தால் ஐசோடோன்கள். கார்பன்-14-உம் ஆக்சிஜன்-16-உம் அப்படிப்பட்ட ஜோடி, இரண்டிலும் நியூட்ரான் 8.

பல அணுக்கள் சேர்ந்த அயனிக்கும் இதே கழித்தல்தான். சல்பேட் அயனியில் ஒரு சல்பரும் நான்கு ஆக்சிஜனும் இருக்கின்றன. புரோட்டான் 16 + 4 × 8 = 48. மின்சுமை 2− என்பதால் எலக்ட்ரான் 50. அம்மோனியம் அயனியில் புரோட்டான் 7 + 4 = 11, மின்சுமை 1+, எலக்ட்ரான் 10.

செய்து பார்க்கச் சில கணக்குகள்

விடையைப் படிக்குமுன் ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

34 புரோட்டான், 46 நியூட்ரான், 36 எலக்ட்ரான். 34 என்றால் செலீனியம், நிறை எண் 80, மின்சுமை 34 − 36 = 2−. செலீனியம்-80 எதிர் அயனி.

92 புரோட்டான், 143 நியூட்ரான், 92 எலக்ட்ரான். யுரேனியம்-235, நடுநிலை அணு. அணு உலைகளில் பிளவுபடுவது இதுதான். இயற்கை யுரேனியத்தில் இது 0.72 சதவீதம்தான், மீதி ஏறக்குறைய முழுவதும் 238.

சீசியம்-137, மின்சுமை 1+. இது தலைகீழ்க் கணக்கு. சீசியத்தின் அணு எண் 55. நியூட்ரான் 82, எலக்ட்ரான் 54.

2 புரோட்டான், 2 நியூட்ரான், எலக்ட்ரான் இல்லை. ஹீலியம்-4, மின்சுமை 2+. ஆல்ஃபா துகள் என்று தனிப் பெயரில் சுற்றி வருவது இதுதான். எலக்ட்ரானே இல்லையே, இதையெல்லாம் ஹீலியம் என்று சொல்லலாமா என்று தோன்றினால் படி 1-க்குத் திரும்புங்கள்.

1 புரோட்டான், வேறெதுவும் இல்லை. ஹைட்ரஜன்-1, மின்சுமை 1+. அமிலங்களைப் பற்றிப் பேசும்போது ஹைட்ரஜன் அயனியைச் சிலர் புரோட்டான் என்றே சொல்வது இதனால்தான்.

கடைசியாகக் கொஞ்சம் வம்பு பிடித்த ஒன்று. நடுநிலையான ஒரு கார்பன்-14 அணு பீட்டா சிதைவு அடைகிறது. அதாவது அதன் கருவிலிருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அப்போது பிறக்கும் எலக்ட்ரான் வேகமாக வெளியே பறந்துவிடுகிறது. அடுத்த கணம் அங்கே இருப்பது என்ன?

சிதைவுக்கு முன் 6 புரோட்டான், 8 நியூட்ரான், 6 எலக்ட்ரான். பின்பு 7 புரோட்டான், 7 நியூட்ரான். 7 என்றால் நைட்ரஜன், எனவே பெயரே மாறிவிட்டது. நிறை எண் 14, அது மாறவில்லை. எலக்ட்ரானில்தான் கவனம் வேண்டும். வெளியே பறந்த எலக்ட்ரான் கருவுக்குள் அப்போதுதான் பிறந்தது, அது ஏற்கெனவே சுற்றிலும் இருந்த ஆறில் ஒன்றல்ல. அந்த ஆறும் அப்படியே இருக்கின்றன. 7 − 6 = 1. ஆகவே விடை நைட்ரஜன்-14, மின்சுமை 1+. பக்கத்தில் எங்காவது ஓர் எலக்ட்ரான் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு நடுநிலைக்கு வந்துவிடும்.